நாலு பேர் சொன்னால் கண்ணும் தடுமாறும்

ஒரு மேசையைச் சுற்றி எட்டுப் பேர் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் இரண்டு அட்டைகள்: ஒன்றில் ஒரே ஒரு கோடு, மற்றொன்றில் வெவ்வேறு நீளமுள்ள மூன்று கோடுகள். தனிக்கோட்டுக்குச் சமமான கோடு எது என்று ஒவ்வொருவராக உரக்கச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு சுற்றுகளில் எல்லோரும் சரியாகவே சொல்கிறார்கள். மூன்றாவது சுற்றில் முதலாமவர், சற்றும் தயங்காமல், தவறான கோட்டைச் சொல்கிறார், அடுத்தவரும் அதையே சொல்கிறார், அதற்கடுத்தவரும் அதையே. கடைசிக்கு முந்தைய நாற்காலியில் இருப்பவர் அட்டையை மறுபடி உற்றுப் பார்க்கிறார். அவருடைய முறை நெருங்குகிறது.

அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் நடத்திய ஆய்வு இது. உண்மையில் சோதிக்கப்படுபவர் அந்த ஒருவர்தான். மற்றவர்கள் ஆய்வாளரோடு முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு வந்தவர்கள். 18 சுற்றுகளில் 12 சுற்றுகளில் அவர்கள் ஒருமித்துத் தவறாகச் சொன்னார்கள். தனியாக இருக்கும்போது நூற்றுக்கு ஒருமுறைகூடப் பிழை நேராத அளவுக்கு எளிதான இந்தக் கேள்விக்கு, அந்தச் சுற்றுகளில் ஏறத்தாழ 37 விழுக்காடு விடைகள் கூட்டத்தின் தவறையே பின்பற்றின. ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது இணங்கிப்போனார்கள். நான்கில் ஒருவர் ஒருமுறைகூட இணங்கவில்லை என்பதையும் இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும். பல பாடநூல்கள் அதை விட்டுவிடுகின்றன.

ஏன் இணங்கினீர்கள் என்று பிறகு கேட்டபோது, இரண்டு வகையான விடைகள் கிடைத்தன. இத்தனை பேர் சொல்கிறார்களே, தம் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று சிலர் நினைத்திருந்தார்கள். வேறு சிலருக்குச் சரியான விடை தெளிவாகத் தெரிந்திருந்தும், தனித்து நிற்கும் சங்கடத்துக்கு அஞ்சி வாயை மாற்றிக்கொண்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் முதலாமவர் மாற்றிக்கொண்டது தம் முடிவை. இரண்டாமவர் மாற்றிக்கொண்டது தம் பேச்சை மட்டும்.

எதிரே ஒருவர் மட்டும் தவறாகச் சொன்னபோது யாரும் பெரிதாக அசையவில்லை. இருவர் சொன்னபோது சிறிது தடுமாற்றம். மூவரானதும் அழுத்தம் ஏறக்குறைய முழுமை பெற்றுவிட்டது, அதற்குமேல் ஆட்களைக் கூட்டியும் பெரிய மாற்றமில்லை. "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்ற நம் பேச்சுவழக்கின் எண்ணிக்கை வியக்கத்தக்க அளவு பொருத்தமானது. உண்மையைச் சொல்லும் ஒரே ஒரு துணை கிடைத்ததும் இணக்கம் வெகுவாகக் குறைந்தது. விடையை உரக்கச் சொல்லாமல் தாளில் எழுதலாம் என்றபோதும் அப்படியே குறைந்தது.

இந்தத் தாளில்தான் உளவியலும் அரசியலமைப்பும் சந்திக்கின்றன. பிரிட்டனில் 1872ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, நாடாளுமன்றத் தேர்தலில் வாக்காளர் தம் தேர்வை அதிகாரி முன்னிலையில், பலர் கேட்க அறிவித்தார். அது அவர் பெயரோடு பதிவேட்டில் எழுதப்பட்டது. நிலவுடைமையாளர் அதைப் பார்த்துத் தம் குத்தகைதாரரைத் தண்டிக்க முடிந்தது. ஆஸ்திரேலியக் குடியேற்றங்களான விக்டோரியாவும் தென் ஆஸ்திரேலியாவும் 1856லேயே, அரசு அச்சிட்ட வாக்குச்சீட்டை மறைவில் குறிக்கும் ரகசிய வாக்கெடுப்பு முறையைக் கொண்டுவந்திருந்தன. மிரட்டலையும் கையூட்டையும் தடுப்பதே அதன் முதன்மை நோக்கம். ஆனால் ஆஷ் அளந்த அந்த மென்மையான அழுத்தத்திலிருந்தும் அதே மறைப்பு வாக்காளரைக் காக்கிறது என்பது என் கருத்து. சட்டமன்றங்களில் உறுப்பினர்கள் மசோதாக்கள்மீது பெரும்பாலும் வெளிப்படையாகவே வாக்களிக்கிறார்கள். ஏனெனில் அவர்கள் பிறர் சார்பில் வாக்களிப்பவர்கள், அந்தப் பிறருக்கு அதைக் காணும் உரிமை உண்டு.