நகப்பூஞ்சைக்கு மார்க் போடுவது எப்படி?

"அம்மாவின் கால் பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்துவிட்டது. ஒரு டாக்டர் லேசானதுதான் என்றார், இன்னொருவர் முற்றிவிட்டது என்கிறார். யாரை நம்புவது?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

முதலில் அது பூஞ்சைதானா என்று பார்க்க வேண்டும். கெட்டுப்போன நகங்களில் பாதி அளவுக்குத்தான் பூஞ்சை காரணம். சொரியாசிஸும் இறுக்கமான ஷூவும்கூட நகத்தை இப்படி ஆக்கும். நகத்துக்கு அடியில் சுரண்டி எடுத்ததில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டால் நகத்தின் புரதமான கெரட்டின் கரைந்து, பூஞ்சை இழைகள் மைக்ராஸ்கோப்பில் தெரியும். மலிவான சோதனை. இதைக்கூடச் செய்யாமல் மாதக்கணக்கில் மாத்திரை எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பூஞ்சைதான், சரி. எவ்வளவு? இதற்காக அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 2011இல் வெளியிட்ட முறைதான் ஓஎஸ்ஐ, அதாவது நகப்பூஞ்சையின் தீவிரத்தை அளக்கும் குறியீடு. நகத்தில் எத்தனை சதவீதம் கெட்டிருக்கிறது என்பதற்கு 0 முதல் 5 வரை ஒரு மார்க். கேடு நகவேரை நோக்கி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு 1 முதல் 5 வரை இன்னொன்று. இரண்டையும் பெருக்க வேண்டும். 5 வரை லேசு, 6 முதல் 15 வரை நடுத்தரம், 16இலிருந்து கடுமை.

தூரத்துக்கு ஏன் தனி மார்க்? நகத்தில் வெள்ளைப் பூ விழுந்தால் புதுத்துணி கிடைக்கும் என்பார்கள். துணி கிடைக்கிறதோ இல்லையோ, அந்தப் பூவையே கவனித்து வந்தால் அது மெல்ல நுனிக்கு நகர்ந்து, கடைசியில் நகவெட்டியோடு போய்விடும். நகம் உருவாவது வேரில் மட்டும்தான். அங்கிருந்து கால் நகம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் முன்னே தள்ளப்படுகிறது. பூஞ்சையோ பெரும்பாலும் நுனிக்கு அடியில் நுழைந்து, புதுவெள்ளத்தில் எதிரேறும் மீன் மாதிரி வேரை நோக்கிப் போகிறது. வேர் சுத்தமாக இருக்கும்வரை நல்ல நகம் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். வேரையே பிடித்துவிட்டால் புது நகம் பிறக்கும்போதே கெட்டுப் பிறக்கிறது.

இதோடு இன்னொரு விதி: நீளவாக்கில் ஒரு கோடோ திட்டோ இருந்தால், அல்லது நகத்தடியில் 2 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த தோல் கரடாகச் சேர்ந்திருந்தால், கூடுதலாக 10. இப்போது கணக்கைப் பாருங்கள். நுனியிலிருந்து பாதி வரை மஞ்சளாகி, 40 சதவீதம் கெட்ட நகத்துக்குப் பரப்புக்கு 3, தூரத்துக்கு 2; ஆக 3 × 2 = 6. இன்னொரு நகத்தில் மெல்லிய மஞ்சள் கோடு ஒன்றுதான், பரப்பு 8 சதவீதம்கூட இல்லை. ஆனால் வேர்வரை ஓடியிருக்கிறது. 1 × 5, அதோடு 10. ஆக 15! பார்வைக்கு அழகாக இருக்கும் நகம்தான் மோசமான நகம். அந்தக் கோட்டுக்குள் பூஞ்சை கெட்டியாக அப்பிக்கிடப்பதால் மருந்து உள்ளே இறங்குவதில்லை. இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்வது இந்த மாதிரி நகங்களில்தான்.

இன்னொன்று, கரடைச் சீவுவதற்கு முன்பே மார்க் போட்டுவிட வேண்டும். சீவிய பிறகு பார்ப்பவருக்கு அந்த 10 தெரியாமலே போய்விடலாம். நகப்பூச்சையும் அழித்திருக்க வேண்டும்.

பூஞ்சையைக் கொல்லும் டெர்பினாஃபின் மாத்திரை வழக்கமாக 12 வாரம். பெருவிரல் நகம் முழுசாகப் புதுப்பிக்க 12 முதல் 18 மாதம் ஆகும். அதனால் மாத்திரை முடியும் நாளில் நகம் இன்னும் அசிங்கமாகத்தான் இருக்கும். வேரை ஒட்டி நல்ல நகம் எத்தனை மில்லிமீட்டர் வந்திருக்கிறது என்று மட்டும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.