ஃபிஷ் ஃபைண்டர் தாங்கியை நீங்களே செய்வதென்றால்

சிங்கப்பூரில் சின்ன மீன்பிடிப் படகு வைத்திருக்கும் பலர், ஒலியை அனுப்பி ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் ஃபிஷ் ஃபைண்டரைக் கடையில் வாங்கிவிட்டு, அதன் டிரான்ஸ்டியூசரை, அதாவது ஒலியை அனுப்பி வாங்கும் பகுதியை, படகில் மாட்டும் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். தப்பே இல்லை. படகுகளுக்கு மின்சாதனம் பொருத்திக் கூலி வாங்குகிற நானே சொல்கிறேன், ஒரு பிளாஸ்டிக் பலகையும் நாலு நல்ல ஸ்குரூவும் இருந்தால் உருப்படியான தாங்கி ஒன்றைச் செய்துவிடலாம். எந்த இடத்தில் காசை மிச்சம் பிடிக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

எனக்கு வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். "தம்பி, நின்னா நல்லாத் தெரியுது. ஓட ஆரம்பிச்சா ஸ்கிரீன்ல ஒண்ணுமே இல்ல. மிஷின் போச்சா?"

மிஷின் எங்கேயும் போகவில்லை அண்ணே, காற்றுதான் குறுக்கே வருகிறது. டிரான்ஸ்டியூசருக்குள் இருக்கும் செராமிக் வில்லை மின்துடிப்பை ஒலியாக்கிக் கீழே அனுப்புகிறது. திரும்பி வரும் எதிரொலியை மறுபடி மின்சாரமாக்குகிறது. கடல்நீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் போகும். 15 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப 20 மில்லிவினாடி போதும். ஆனால் வழியில் காற்றுக்குமிழி இருந்தால், ஒலி அதைத் தாண்டாமல் அங்கேயே முட்டிச் சிதறிவிடும். டிரான்ஸ்டியூசரின் முகத்தை நுரை மூடிவிட்டால் ஆயிரம் வெள்ளிக் கருவியும் குருடுதான்.

இந்த நுரை எங்கிருந்து வருகிறது? படகின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் ஒவ்வொரு விளிம்பும் ஆணித்தலையும் தண்ணீர்த் துளையும் ஓடும்போது தனக்குப் பின்னால் ஒரு குமிழிக் கோட்டை இழுத்துவிடும். ஆகவே டிரில்லைக் கையில் எடுக்கும் முன் ஒருவர் படகை ஓட்டட்டும், இன்னொருவர் லைஃப் ஜாக்கெட்டோடு பின்னால் உட்கார்ந்து, படகின் பின்சுவரான பின்பலகையை விட்டுத் தண்ணீர் எங்கே தெளிவாக விலகுகிறது, எங்கே வெள்ளையாகக் கொதிக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். ஒற்றை எஞ்சின் படகுகளில் பெரும்பாலும் புரொப்பல்லர், பின்னாலிருந்து பார்த்தால், கடிகார முள் போகும் பக்கமாகச் சுற்றும். வலப்பக்கம் அதன் இதழ் கீழே இறங்குகிறது. இடப்பக்கம் மேலே ஏறும்போது நுரையைக் கிளப்புகிறது. அதனால் வலப்பக்கம் வையுங்கள், புரொப்பல்லரிலிருந்து 38 சென்டிமீட்டராவது தள்ளி. ஃபைபர் படகில் டிரான்ஸ்டியூசரின் முகம் படகின் அடிக்குக் கீழே சுமார் 3 மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் போதும். அலுமினியப் படகில் 10. கையேடுகளும் இந்த அளவைத்தான் சொல்லும். 'இன்னும் கொஞ்சம் இறக்கினால் இன்னும் தெளிவாகத் தெரியும்' என்று ஒரு சாண் இறக்கிவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் டிரான்ஸ்டியூசரே தண்ணீரைக் கிழித்து நுரை உண்டாக்கும்.

சரி, இப்போது பலகை. டிரான்ஸ்டியூசரை நேராகப் பின்பலகையில் ஸ்குரூ போட்டு மாட்டாதீர்கள். முதல் தடவையிலேயே சரியான உயரம் அமைவது அபூர்வம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒரு புது ஓட்டை விழும். பல ஃபைபர் படகுகளின் பின்பலகைக்குள் பிளைவுட் இருக்கிறது. ஓட்டை வழியே நீர் கசிந்து அதில் ஊறினால், வெளியே பளபளப்பு மாறாமலே உள்ளே மரம் உளுத்துப்போகும். அந்தப் பலகைதான் எஞ்சினையே தாங்குகிறது. ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள்: நல்ல இடம் கணீரென்று கேட்கும், ஊறிய இடம் மந்தமாகக் கேட்கும்.

கறி வெட்டும் தடித்த வெள்ளை பிளாஸ்டிக் பலகை இதற்கு நல்ல பொருள். அழுகாது, அறுக்கவும் துளைக்கவும் சுலபம். அதை நீளவாக்கில் அறுத்து, மேல்முனையைப் பின்பலகையில் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இரண்டு ஸ்டெயின்லெஸ் போல்ட்டால் பிடியுங்கள். கீழ்முனையில் டிரான்ஸ்டியூசரை ஸ்குரூ போட்டு மாட்டுங்கள். அந்த ஸ்குரூ பலகையின் தடிமனைவிடக் குட்டையாக இருக்கட்டும். எத்தனை தடவை மாற்றினாலும் ஓட்டை விழுவது பலகையில் மட்டும்தான். எபாக்ஸி வைத்து ஒட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இந்தப் பலகை பாலிஎத்திலீன், பசை அதில் பிடிக்காது. கரையில் கல் மாதிரி நிற்கும், கடலில் உரிந்து வந்துவிடும்.

போல்ட் உப்புநீரைத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸாக இருக்கட்டும். ஜாலான் புசார் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் கேட்டு வாங்கலாம். ஓட்டைக்குள் மரைன் பாலியூரித்தேன் சீலன்ட் போடுங்கள். குளியலறை சிலிக்கோன் விலை குறைவுதான், ஆனால் அது ஒருமுறை பட்ட இடத்தில் பிறகு வேறு எதுவும் ஒழுங்காக ஒட்டாது. அலுமினியப் படகு என்றால் ஸ்டெயின்லெஸ் நேராக உலோகத்தைத் தொடாதபடி நைலான் வாஷர் போடுங்கள். உப்புநீரில் இரண்டும் தொட்டுக்கொண்டால் அலுமினியம்தான் அரிக்கும்.

ஆபத்து என்று நான் சொல்வது இனிமேல்தான். உபின் பக்கம் மிதக்கும் மீன்பண்ணைகளின் கயிறுகள், மழைக்குப் பின் மிதந்து வரும் கட்டைகள், சாக்குகள், இவையெல்லாம் நம் கடலில் புதிதல்ல. கடையில் வரும் தாங்கிகள் பலவற்றில் ஏதாவது இடித்தால் மேலே மடங்கிக்கொள்ளும் அமைப்பு இருக்கும். வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் நேர்மாறாக, அசையவே கூடாது என்று இரும்புக் கோணமும் தடித்த போல்ட்டும் போட்டு இறுக்கிவிடுகிறார்கள். வேகத்தில் ஒரு கட்டை இடித்தால் அந்த அடி முழுக்கப் பின்பலகைக்குப் போகும். ஆகவே எங்கேயாவது ஒரு இடம் வேண்டுமென்றே பலவீனமாக இருக்கட்டும். பலகைக்குப் பதிலாகப் படகின் பக்கவாட்டில் பிவிசி குழாய் வைத்து அதில் டிரான்ஸ்டியூசரை மாட்டுகிறவர்கள், குழாயைப் பிடிக்கும் ஒரு போல்ட்டை நைலானில் போடுங்கள். இடித்தால் அது முறிந்து குழாய் பின்னால் சாயும். குழாயைப் படகோடு ஒரு மெல்லிய கயிற்றால் கட்டியும் வையுங்கள், இல்லையென்றால் முழுப் பாரமும் கேபிளில் தொங்கும். வேகமாகப் போகும்போது குழாயைத் தூக்கிவிடுவது இன்னும் நல்லது.

கேபிள் நீளமாக இருக்கிறதென்று வெட்டி ஒட்டாதீர்கள். ஒட்டு வழியே நீரும் மின் இரைச்சலும் நுழையும், தயாரிப்பாளரின் உத்தரவாதமும் போகும். எஞ்சின் வயர்களையும் விஎச்எஃப் ரேடியோவின் ஆன்டெனா கேபிளையும் ஒட்டி ஓடவிடாமல் பின்பலகையின் மேல்விளிம்பைத் தாண்டி உள்ளே கொண்டுவாருங்கள்.

ஓட்டையே வேண்டாம் என்பவர்கள் டிரான்ஸ்டியூசரைப் படகுக்கு உள்ளே, அடியில், எபாக்ஸி வைத்து ஒட்டுவார்கள். அந்த இடம் திண்ணமான ஃபைபராக இருந்தால் வேலை செய்யும். நடுவில் ஃபோம் அடைப்போ மரமோ இருந்தால் ஒலி வெளியே போகாது. முதலில் ஒரு பிளாஸ்டிக் பையில் தண்ணீர் கட்டி, அதன்மேல் டிரான்ஸ்டியூசரை அழுத்தி வைத்துச் சோதியுங்கள். இதில் கடல்நீரின் வெப்பநிலை சரியாகக் காட்டாது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

தண்ணீரிலேயே கிடக்கும் படகில் கொட்டலசு சீக்கிரம் ஒட்டும். டிரான்ஸ்டியூசரின் முகத்தில் உலோகத் தகட்டால் சுரண்டாதீர்கள். கொட்டலசு ஒட்டாமல் தடுக்கும் ஆன்டிஃபவுலிங் பெயின்ட் பூசினால் நீர்க்கலவை ரகம் மட்டும்; கரைப்பான் கலந்தவை பிளாஸ்டிக்கைத் தின்னும்.

இன்னொன்று, 20 பாகை விரிவுள்ள ஒலிக்கற்றை தரையில் காட்டும் வட்டம் ஆழத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். 15 மீட்டர் ஆழத்தில் 5 மீட்டர் அகலம். அதுவும் படகுக்கு நேர் கீழே. சிஸ்டர்ஸ் தீவுகள், ஹந்து தீவு பக்கம் பவளத் திட்டுகள் சட்டென்று மேலேறும். திரையில் ஆழம் குறைகிறபோது நீங்கள் ஏற்கெனவே அதன்மேல் இருப்பீர்கள். அங்கே கடல் வரைபடத்தைப் பார்த்து ஓட்டுங்கள், ஒருவரை முன்னால் உட்கார வைத்துக் கவனிக்கச் சொல்லுங்கள்.