கிளட்ச் ஆயில்: சொல்லும் பொருளும்

சில மோட்டார் சைக்கிள்களில் இடக்கைப் பக்கம், கிளட்ச் லீவரை ஒட்டி, முன் பிரேக்குக்கு இருப்பது போலவே ஒரு சின்ன டப்பா இருக்கும். சுசுகி ஹயபூசா, ஹோண்டா கோல்டு விங், கேடிஎம்மின் பெரிய வண்டிகள் போன்றவற்றில் பார்த்திருப்பீர்கள். அந்த டப்பாவில் இருப்பதைக் கையேடுகள் ‘ஹைட்ராலிக் கிளட்ச் ஃப்ளூயிட்’ என்கின்றன. ஒர்க்‌ஷாப்பில் அதற்குப் பெயர் ‘கிளட்ச் ஆயில்’. மற்ற வண்டிகளில் கேபிள் இழுத்துச் செய்யும் வேலையை இங்கே ஒரு குழாய்க்குள் அடைபட்ட நீர்மம் தள்ளிச் செய்கிறது.

கிளட்ச் ஆயில் என்று கேட்டால் கடையில் எதை வேண்டுமானாலும் எடுத்துக் கொடுக்கலாம் என்பதுதான் சிக்கல். பிரேக்கிலும் ஊற்றுகிற டாட் 4 என்ற நீர்மம் அந்தப் பெயரில் போகிறது. சில நிறுவனங்கள் கிளட்சுக்கென்று தனியாகச் சொல்லும் கனிம எண்ணெயும் அதே பெயரில் போகிறது. கிளட்ச் தட்டுகள் நனைந்தபடியே சுழலும் எஞ்சின் ஆயிலைக்கூடச் சிலர் அப்படிச் சொல்வதுண்டு. ஒன்றின் இடத்தில் இன்னொன்று போனால் வண்டிக்குக் கேடு. அதனால் இந்தப் பெயரைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் கிளட்ச். விரல்களை மடக்கி இறுகப் பற்றுவதைக் குறித்த பழைய ஆங்கில வினைச்சொல் இதன் வேர். எஞ்சினின் சுழற்சியையும் கியர்பெட்டியையும் தட்டுகள் ஒன்றையொன்று பற்றி இணைப்பதால் அந்தப் பெயர் பொருந்துகிறது. ஸ்பிரிங்குகள் எந்நேரமும் தட்டுகளை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கும். நாம் லீவரை இழுக்கும்போதுதான் அந்தப் பிடி விடுகிறது. ‘கிளட்சைப் பிடி’ என்று நாம் சொல்வது கை செய்யும் வேலையை. உள்ளே நடப்பது அதற்கு நேர்மாறு. தமிழில் பற்றி, பிடிப்பி என்றெல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். ‘உரசிணைப்பி’ என்ற சொல்லும் இணையத்தில் புழங்குகிறது. தட்டுகள் உராய்வால் இணைவதை அது சரியாகவே சொல்கிறது, மோட்டார் சைக்கிள் கிளட்சுக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் பேச்சில் கிளட்ச் என்பதே வேரூன்றிவிட்டது. அதை வைத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அடுத்தது ஹைட்ராலிக். கிரேக்கத்தில் ‘ஹுதோர்’ என்றால் நீர், ‘அவ்லோஸ்’ என்றால் குழல். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த க்டெசிபியோஸ் அமைத்ததாகச் சொல்லப்படும் நீர்க்குழல் இசைக்கருவியின் பெயரில் இந்தச் சொல் இருந்தது. இசைக்கருவியின் பெயர் எந்திரங்களுக்கு வந்து சேர்ந்தது பிற்காலத்தில். அடைபட்ட நீர்மத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்ற பாஸ்கல் விதி அவர் மறைவுக்குப் பின் 1663இல் வெளியான நூலில் இருக்கிறது. அதை வைத்து ஜோசப் பிராமா 1795இல் அழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கிளட்சிலும் அதே விதிதான். லீவர் பக்கத்து மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் 14 மில்லிமீட்டர் விட்டமும், எஞ்சின் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டன் 28 மில்லிமீட்டர் விட்டமும் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு நான்கு மடங்கு, ஆகவே விசையும் நான்கு மடங்கு. நகரும் தூரம் மட்டும் நான்கில் ஒன்றாகக் குறையும்.

பள்ளிப் பாடநூல்கள் ஹைட்ராலிக் என்பதை ‘நீரியல்’ என்கின்றன. பாடத்துக்குச் சரி. ஆனால் நீரியல் என்றதும் ஆறு, ஏரி, மழை என்றே மனம் போகும். போதாக்குறைக்கு, இந்தக் குழாய்க்குள் வரவே கூடாதது நீர். அதனால் இங்கே ‘நீர்ம அழுத்த’ என்ற தொடரே தெளிவு என்பேன்.

மூன்றாவது ஃப்ளூயிட். இயற்பியலில் இதற்குப் பாய்மம் என்று நல்ல சொல் இருக்கிறது. பாய்மம் என்றால் நீர்மமும் வளிமமும் சேர்ந்தது. கிளட்ச் குழாயில் வளிமம் துளி கலந்தாலும் வேலை கெட்டுவிடும். காற்று அமுங்கும், லீவரை இழுக்கும்போது தட்டைத் தள்ள வேண்டிய விசை குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். ஆகவே பாய்மத்தைவிட ‘நீர்மம்’ என்பதே இந்த இடத்துக்கு உரிய சொல். கிளட்ச் நீர்மம், அல்லது முழுத் தமிழில் உரசிணைப்பி அழுத்த நீர்மம்.

இப்போது ஆயில் என்ற வழக்குக்கு வருவோம். எள் + நெய் = எண்ணெய். எள்ளிலிருந்து எடுத்ததற்கு மட்டும் இருந்த பெயர் பிறகு தேங்காய், கடலை, மண் எல்லாவற்றுக்கும் பொதுவானது. ஆங்கில ‘ஆயில்’ சொல்லும் ஆலிவ் என்ற ஒரே காயிலிருந்து இப்படித்தான் விரிந்தது. ஆனால் எவ்வளவு விரித்தாலும் டாட் 4 எண்ணெய் ஆகாது. அது கிளைக்கால் (glycol) ஈதர்களும் போரேட் எஸ்டர்களும் கொண்ட வேதிக்கலவை, தண்ணீரில் கலந்துவிடும். டப்பாவில் இருப்பது எது என்று சந்தேகம் வந்தால் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். கரைந்தால் கிளைக்கால் வகை. தனியே பிரிந்து நின்றால் கனிம எண்ணெயாகவோ, டாட் 5 என்னும் சிலிக்கோனாகவோ இருக்கலாம்.

இதில் ஏன் இவ்வளவு கவனம் என்றால், காரணம் ரப்பர். டாட் 4 ஊற்றும் அமைப்புகளில் சீல்கள் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர். கனிம எண்ணெய் பட்டால் அது ஊதிப் பெருத்து மென்மையாகிவிடும். கனிம எண்ணெய்க்காகச் செய்த நைட்ரைல் ரப்பர் சீலுக்கு டாட் 4 ஆகாது. பிஎம்டபிள்யூ ஆர் 1200 ஜிஎஸ் வண்டியில் பிரேக்குக்கு டாட் 4, கிளட்சுக்குக் கனிம எண்ணெய். ஒரே ஹேண்டில்பாரில் இரண்டு டப்பா, இரண்டிலும் வேறு வேறு நீர்மம். கேடிஎம்மின் ஆஃப்ரோடு வண்டிகளில் மகுரா நிறுவனத்தின் கிளட்ச் என்றால் கனிம எண்ணெய், பிரெம்போ நிறுவனத்தின் கிளட்ச் என்றால் டாட் 4. ஆகவே பிரேக்குக்கு ஊற்றியதையே கிளட்சுக்கும் ஊற்றலாம் என்று யாராவது சொன்னால், டப்பாவின் மூடியைப் படிக்காமல் தலையாட்டாதீர்கள்.

டாட் என்பது புள்ளியும் அல்ல. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் பெயர்ச் சுருக்கம். அந்தத் துறையின் தரப்படி டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. சுமார் 3.7 விழுக்காடு நீர் ஏறிய பிறகு 155 டிகிரி தாங்கினால் போதும். டாட் 3க்கு இந்த எண்கள் 205, 140, டாட் 5.1க்கு 260, 180. டாட் 5.1 கிளைக்கால் வகை, டாட் 5 சிலிக்கோன் வகை. எண்ணில் புள்ளி ஒன்று (0.1) அளவுதான் வித்தியாசம், பொருளில் இரண்டும் கலக்கவே கூடாதவை.

நீர் எப்படி ஏறும்? கிளைக்கால் நீர்மம் காற்றில் உள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். ‘ஹைக்ரோஸ்கோபிக்’ என்பார்கள், நம் வேதியியல் பாடத்தில் ‘ஈரம் உறிஞ்சும்’ என்று அழகாகவே இருக்கிறது. குழாயின் சுவர் வழியாகவும் மூடி வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் சேரும். ஸ்லேவ் சிலிண்டர் எஞ்சினோடு ஒட்டியே இருப்பதால் சூடும் கூடவே ஏறும். நெரிசலில் ஊர்ந்து போகும்போது லீவர் திடீரென்று தொளதொளவென்று ஆகிவிட்டால், பழைய நீர்மத்தில் ஆவிக் குமிழி தோன்றியிருக்கலாம். ஈரம் உள்ளே உலோகத்தையும் அரிக்கும். அதனால்தான் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பல நிறுவனங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. கடற்கரை ஊர்களில் அதைத் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.

மாற்றும்போது வரும் சொல் ‘பிளீடிங்’. மெக்கானிக்குகள் ‘ஏர் எடுக்கிறது’ என்பார்கள். எனக்குப் பிடித்த சொல்லும் அதுதான், ஏனென்றால் வேலை என்ன என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. எழுத்தில் ‘காற்று நீக்கம்’ எனலாம். ஹேண்டில்பாரைத் திருப்பி டப்பாவை மட்டமாக வைத்து, பெட்ரோல் டாங்க்கைத் துணியால் மூடிவிட்டுத் தொடங்க வேண்டும். டாட் 4 பெயின்ட்டைத் தின்றுவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். அப்புறம் ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளில், அதாவது காற்று வெளியேற்றும் திருகில், தெளிந்த குழாயை மாட்டி, லீவரை இழுத்துப் பிடித்து, நிப்பிளைத் திறந்து, மூடி, அதன் பிறகே லீவரை விட வேண்டும். இந்த வரிசை மாறினால் காற்று உள்ளே ஏறிவிடும். டப்பாவில் நீர்மம் வற்றவும் விடக் கூடாது. என்ன செய்தும் லீவர் இறுகவில்லை என்றால், மாஸ்டர் சிலிண்டரின் வாயில் குழாயை இணைக்கும் பாஞ்சோ போல்ட்டைப் பாருங்கள். பல வண்டிகளில் குழாயின் உயரமான இடம் அதுதான். குமிழி அங்கேதான் போய் ஒளியும்.

கடைசியாக டப்பாவின் அளவு. பிரேக் டப்பாவில் பேடு தேயத் தேய நீர்மம் கீழே இறங்கும். கிளட்சில் அப்படி இல்லை. உராய்வுத் தட்டுகள் தேய்ந்து மெலிந்ததும் அழுத்தத் தட்டு உள்வாங்கும், புஷ் ராடு என்னும் தள்ளுதண்டு ஸ்லேவ் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும், நீர்மம் திரும்பி டப்பாவுக்குள் ஏறும். அதனால் கிளட்ச் டப்பாவை மேல்கோட்டைத் தாண்டி நிரப்பக் கூடாது. ஏற இடம் இல்லாவிட்டால் அழுத்தம் உள்ளேயே தங்கி, தட்டுகள் முழுசாகப் பற்றாமல் கிளட்ச் வழுக்கத் தொடங்கும். அளவு கூடியிருப்பதைப் பார்த்ததும் யாரோ அதிகமாக ஊற்றிவிட்டார்கள் என்று எடுக்காதீர்கள். முதலில் தட்டுகளின் தேய்மானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அளவு குறைந்திருந்தால் கசிவு. பெரும்பாலும் ஸ்லேவ் சிலிண்டர் சீல்தான்.