அடாப்டர் சுடுகிறதா? முதலில் பவர் கார்டைப் பாருங்கள்

லேப்டாப் அடாப்டர் கொதிக்கிறது என்று சர்வீஸுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கறுப்புப் பெட்டியை மட்டும் எடுத்து வருகிறார்கள். சுவரிலிருந்து பெட்டிக்கு வரும் பவர் கார்டு வீட்டில் பிளக்கிலேயே கிடக்கும். கோளாறு அந்தக் கார்டில் இருக்கலாம்.

2014 ஆகஸ்டில் எச்பி நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் சுமார் 56 லட்சம் பவர் கார்டுகளைத் திரும்பப் பெற்றது. 2010 செப்டம்பர் முதல் 2012 ஜூன் வரை எச்பி, காம்பேக் லேப்டாப்களோடு வந்தவை அவை. சூடேறி உருகியதாகவும் கருகியதாகவும் 29 புகார்கள் வந்தன. இருவருக்கு லேசான தீக்காயம். திரும்பப் பெற்றது கார்டை மட்டும்தான், பெட்டியை அல்ல. அதே ஆண்டு டிசம்பரில் லெனோவோவும் அதே வகைக் கார்டுகளைத் திரும்பப் பெற்றது.

அடையாளம், பெட்டிக்குள் செருகும் முனையில் ஆங்கிலத்தில் இருக்கும் 'எல்எஸ்-15'. கறுப்பு பிளாஸ்டிக்கில் கறுப்பாகவே வார்த்த எழுத்து என்பதால் நேராகப் பார்த்தால் தெரியாது. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கார்டைப் பெட்டியிலிருந்து கழற்றுங்கள். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து எழும்பித் தெரியும். கையோடு துளைகளையும் பாருங்கள். ஓரம் பழுப்பேறியிருந்தால், பிளாஸ்டிக் கொப்புளித்திருந்தால், செருகியபின் முனை ஆடினால், எழுத்து எதுவாக இருந்தாலும் அந்தக் கார்டு வேண்டாம். இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்டவே ஓட்டாதீர்கள்.

லூஸ் கான்டாக்ட் ஏன் இவ்வளவு ஆபத்து? 1 ஆம்பியர் ஓடும் இடத்தில் 5 ஓம் தடை உண்டானால் அங்கே 5 வாட் வெப்பம் பிறக்கும். கொசுவிரட்டி லிக்விட் மெஷினைச் சூடாக்கும் அளவு அது. இங்கே மிளகளவு இடத்தில் குவிகிறது. சூட்டில் உலோகம் கறுக்கும், உள்ளே பிடித்திருக்கும் தகடு தளரும், தடை இன்னும் ஏறும். பியூஸ் போகாது, ஏனென்றால் மின்னோட்டம் அதிகரிக்கவில்லை.

மைக்ரோசாஃப்ட் 2016 பிப்ரவரியில் தன் சர்ஃபேஸ் புரோ டேப்லெட்டுகளின் பவர் கார்டுகளைத் திரும்பப் பெற்ற காரணம் இன்னும் நமக்கு நெருக்கமானது: இறுக்கிச் சுற்றுவது, முறுக்குவது, நசுக்குவது. அமெரிக்காவில் சுமார் 22.5 லட்சம் கார்டுகள். சூடேறி நெருப்பு வந்ததாக 56 புகார்கள், ஷாக் அடித்ததாக 5. பெட்டியைச் சுற்றி ஒயரை இறுக்கிக் கட்டும் பழக்கத்தை இன்றே விடுங்கள். கழுத்துப் பகுதியில் ஒரு வளைவு தளர்வாக இருக்கட்டும்.

பழைய லேப்டாப் வாங்கியவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். திரும்பப் பெறும் அறிவிப்பு முதல் உரிமையாளருக்குப் போகலாம், கைமாறியவருக்கு வராது. வெளிநாட்டிலிருந்து வந்த மெஷின் என்றால் அதன் கார்டை கட்டாயம் பாருங்கள். 'எல்எஸ்-15' இருந்தால் உடனே பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, நிறுவனத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் மாடல், சீரியல் எண்ணைக் கொடுத்து மாற்றுக் கார்டு கிடைக்குமா என்று கேளுங்கள். அதுவரை பேட்டரியில் மட்டும் ஓட்டலாம். பழைய கார்டை யாருக்கும் கொடுக்காமல், மின் இணைப்பில் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, இரண்டாக வெட்டி மின்கழிவில் சேருங்கள்.

ரவுட்டர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர் மாற்றும்போது வோல்ட் அதேதான் இருக்க வேண்டும்; ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். பிளஸ் உள்ளேயா வெளியேயா என்ற படத்தையும் ஒப்பிடுங்கள். பலர் கோட்டைவிடுவது பின் அளவில். ரவுட்டரில் உள்ள 2.1 மி.மீ. ஊசிக்கு 2.5 மி.மீ. துளையுள்ள அடாப்டர் பின் எளிதாக நுழையும், வேலையும் செய்யும். ஆனால் தளர்வாகத் தொட்டு அங்கேயே சூடேறும்.

புது அடாப்டரின் லேபிளில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண், அதாவது 'ஆர்' எழுத்துக்குப் பின் 8 இலக்கங்கள், இருக்க வேண்டும். எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் தட்டி, அங்கே வரும் நிறுவனப் பெயரும் லேபிளில் உள்ள பெயரும் ஒன்றா என்று கடையில் நின்றே பாருங்கள். வாங்கிய பொருள் உருகினால் புகார் செய்ய தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு இருக்கிறது. அதனால் கருகிய முனையைத் தூக்கி எறியும் முன், லேபிளும் பதிவு எண்ணும் தெரிகிற மாதிரி நான்கைந்து படங்கள் எடுத்து, பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள்.