கண் பெரிதாகிறதா, கவனியுங்கள்

பிறந்த குழந்தையின் நெற்றியிலும் மேல் இமையிலும் சிவப்போ ஊதாவோ கலந்த தட்டையான மச்சம் இருந்தால், முகம் என்னாகுமோ என்றுதான் வீட்டில் கவலைப்படுவார்கள். அதைவிட அவசரம் கண். இந்த ‘போர்ட் ஒயின்’ மச்சம் உள்ள எல்லாருக்கும் ஸ்டர்ஜ்-வெபர் நோய் (தோலோடு மூளை, கண் ரத்தக் குழாய்களையும் பாதிப்பது) இருக்காது. இருந்தால், கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா பலருக்கு வரும், வந்தால் பெரும்பாலும் முதல் வயதிலேயே தலைகாட்டும்.

1879இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஆலன் ஸ்டர்ஜ் விவரித்த சிறுமிக்கு மச்சமும் வலிப்பும் இருந்தன. மச்சம் இருந்த பக்கத்துக் கண்ணும் பெருத்திருந்தது. காரணம் 2013இல்தான் பிடிபட்டது. கரு வளரும்போது ஏதோ ஒரு செல்லில் ஜிஎன்ஏக்யூ மரபணு மாறிவிடுகிறது. அதன் வழிவந்த செல்கள் உள்ள இடங்களில் மட்டும் நுண் ரத்தக் குழாய்கள் விரிந்து கிடக்கும். பெற்றோரிடமிருந்து வருவதல்ல, அம்மா கர்ப்பத்தில் எதைச் சாப்பிட்டார் என்ற விசாரணையும் தேவையில்லை.

சரி, கண் ஏன் பெருக்கிறது? கண்ணுக்குள் ஓயாமல் ஊறும் நீர், கருவிழியின் ஓரத்திலுள்ள சல்லடை போன்ற திசு வழியாக வடிந்து, வெள்ளைவிழி மேலுள்ள சிரைகளில் சேர வேண்டும். கைக்குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அந்த வடிகாலே சரியாக உருவாகியிருக்காது. வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறு சிக்கல்: சிரைகளுக்குள் அழுத்தம் கூடியிருக்கும். தெருச் சாக்கடை நிரம்பி நின்றால் வீட்டுத் தண்ணீர் எப்படி இறங்கும்?

நீர் தேங்கினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். பெரியவர்களின் கண் இந்த அழுத்தத்துக்கு விரிந்துகொடுக்காது. குழந்தையின் கண்சுவர் இளசு, இழுபட்டு விரியும். பிறக்கும்போது சுமார் 10 மில்லிமீட்டர் அகலமுள்ள கருவிழி, ஒரு வயதுக்குள் 12ஐத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். அதன் உட்சவ்வு கீறிக்கொண்டு கண் மங்கும், வெளிச்சம் கூசும், நீர் வடியும். ‘எவ்வளவு பெரிய கண்ணு!’ என்று கொஞ்சும் நேரத்தில் பார்வை நரம்பு நசுங்கிக்கொண்டிருக்கலாம்.

சில குழந்தைகளுக்கு விழித்திரைக்குப் பின்னாலும் ரத்தக் குழாய்கள் பெருகி, அந்தப் பகுதியே கருஞ்சிவப்பாகத் தெரியும். அறுவை சிகிச்சையின்போது கண் அழுத்தம் சட்டென்று இறங்கினால் அங்கே நீர் கசியலாம், ரத்தமும் கொட்டலாம். அதனால் அழுத்தத்தை மெதுவாகவே இறக்கப் பார்ப்பார்கள். ஆனாலும் கைக்குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து மட்டும் பெரும்பாலும் போதாது. அடைபட்ட வடிகாலை அறுவை சிகிச்சையில்தான் திறந்துவிட வேண்டியிருக்கும்.

லேசரால் முகத்து மச்சம் மங்கினாலும் கண்ணின் ஆபத்து குறையாது. முதல் வயதில் எதுவும் இல்லையென்றாலும் பள்ளி வயதில், சிலருக்கு அதற்கப்புறமும், அழுத்தம் ஏறலாம். கண் பரிசோதனையைத் தொடர்ந்து செய்துகொண்டே இருக்க வேண்டும்.