மலம் கட்டினால் மூளை ஏன் தடுமாறுகிறது?

ஈரல் சுருக்க நோய், அதாவது சிரோசிஸ், வந்தவரிடம் மருத்துவர் தவறாமல் கேட்பது: "மோஷன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகுது?" ஈரலைக் காட்ட வந்த இடத்தில் இதை ஏன் கேட்கிறார் என்று கூட வந்தவர்கள் முழிப்பார்கள். மருந்துச் சீட்டிலும் லாக்டுலோஸ் சிரப் இருக்கும். மலச்சிக்கலுக்கு எல்லாருக்கும் கொடுக்கிற அதே சிரப்தான். ஆனால் இவருக்கு அது மூளையைக் காப்பாற்ற.

கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு, குடல் பக்கமிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. சாப்பாட்டின் சத்து மட்டுமல்ல, குடல் பாக்டீரியாக்கள் கிளப்பிவிடும் கழிவுகளும் அதில் கலந்திருக்கும். அவற்றில் முக்கியமானது அமோனியா. புரதத்தையும் யூரியாவையும் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது உண்டாவது; குடல் சுவரின் செல்களும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் தயாரிக்கும். நல்ல ஈரல் இந்த அமோனியாவைப் பிடித்து யூரியாவாக மாற்றிவிடும். அந்த யூரியா பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும்.

இந்தக் காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ரஷ்யாவில் நாய்களிடம் பார்த்தார்கள். 1877-இல் நிக்கோலாய் எக் என்பவர் போர்ட்டல் சிரையை ஈரலுக்குள் விடாமல், உடலின் பெரிய சிரையோடு நேராக இணைத்துத் தைத்தார். எட்டு நாய்களில் ஏழு ஒரு வாரத்துக்குள் செத்தன. தப்பிய ஒன்றும் இரண்டரை மாதம் கழித்து ஆய்வகத்திலிருந்து ஓடியே போய்விட்டது (அதைக் குறை சொல்ல முடியாது). பிற்பாடு, மணியோசையும் எச்சிலும் என்று நாம் பாடத்தில் படித்த அதே பாவ்லோவ் குழுவினர் இந்த அறுவையைத் தொடர்ந்து செய்து 1893-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இறைச்சி தின்ற நாய்கள் மூர்க்கமாயின, தள்ளாடின, வலிப்பு வந்து நினைவிழந்தன. குடலிலிருந்து வரும் ஏதோ ஒன்று ஈரலைத் தாண்டினால் மூளையைத் தாக்குகிறது என்பது அதோடு தெளிவானது.

சிரோசிஸில் எந்த அறுவையும் இல்லாமலே இது நடக்கிறது. ஈரல் தழும்பேறி இறுகியதும் ரத்தம் உள்ளே நுழையத் திணறி, பக்கத்துச் சிறு சிரைகளைப் பைபாஸ் ரோடு போலப் பிடித்து ஈரலைச் சுற்றிக்கொண்டு போய்விடும். அமோனியாவும் கூடவே போகும். மூளையில் இருக்கும் துணைச் செல்கள் அதை குளுட்டமினாக மாற்றி அடக்கப் பார்க்கும். குளுட்டமின் சேரச் சேர நீரை இழுத்து அந்தச் செல்களே வீங்கும்.

மலச்சிக்கலின் இடம் இதுதான். மலம் பெருங்குடலில் தங்கத் தங்க பாக்டீரியாக்களுக்கு வேலை செய்ய நேரம் கூடுகிறது, உருவான அமோனியா ரத்தத்துக்குள் ஊறவும் நேரம் கூடுகிறது. நல்ல ஈரல் உள்ளவருக்கு இரண்டு நாள் போகாவிட்டால் வயிறு உப்பும், எரிச்சலாக இருக்கும், ஈரல் கெடாது. சிரோசிஸ் உள்ளவருக்கு அதே இரண்டு நாள் போதும், நினைவு தப்ப.

லாக்டுலோஸ் செயற்கையாகச் செய்த சர்க்கரை. நம் சிறுகுடலில் அதை உடைக்கும் நொதி கிடையாது. அதனால் முழுதாகப் பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்கே பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து அமிலமாக்குகின்றன. அமிலச் சூழலில் அமோனியா, அமோனியமாக மாறிவிடும். மின்னூட்டம் ஏறிய அந்த வடிவம் குடல் சுவரை எளிதில் கடக்காது. நீரும் இழுக்கப்பட்டு மலம் இளகி, எல்லாம் சேர்ந்து வெளியேறும். சுவிட்சர்லாந்தின் யோகன்னஸ் பிர்ச்சர் குழு 1966-இல் இதை எழுதியது. இன்றைக்கும் முதல் மருந்து அதுதான். தித்திப்பு திகட்டும், வாயு பிரியும். அதற்காக நிறுத்திவிடுபவர்கள் நிறைய. நாளைக்கு இரண்டு, மூன்று முறை இளக்கமாகப் போவதுதான் இலக்கு. "நிறையப் போனால் நல்லதுதானே" என்று அளவைக் கூட்டினால் உடலில் நீர் வற்றி, உப்புகள் குலைந்து, அதே குழப்பம் திரும்ப வரும்.

பாவ்லோவின் நாய்களை நினைத்து முட்டை, பருப்பை நிறுத்திவிடுவது இன்னொரு பழைய வழக்கம். இப்போது மருத்துவர்கள் அதைச் சொல்வதில்லை. தசையும் அமோனியாவை அகற்ற உதவுகிறது. புரதம் குறைந்தால் தசை கரையும்.

எதிர்த் திசையிலும் ஓர் இணைப்பு உண்டு. ஈரல் தினமும் அரை லிட்டருக்கு மேல் பித்தநீர் சுரக்கிறது. மலத்தின் பழுப்பு நிறம் அதிலிருந்து வருவது. பித்தநீர் வரும் பாதை அடைபட்டால் மலம் களிமண் போல வெளுத்துவிடும். பிறந்த குழந்தைக்கு இரண்டு வாரம் தாண்டியும் காமாலை மஞ்சளும் வெளுத்த மலமும் இருந்தால் தாமதிக்கக் கூடாது. பித்தக்குழாய் அடைப்பாக இருந்தால், அதற்கான அறுவை இரண்டு மாதத்துக்குள் நடந்தால்தான் பலன் அதிகம்.

சிரோசிஸ் நோயாளி பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழித்திருப்பது மூளை தடுமாறுவதன் ஆரம்ப அடையாளமாக இருக்கலாம். கையை நீட்டி மணிக்கட்டை நிமிர்த்தச் சொன்னால் கை படபடவென்று விழும். மலம் தார் போலக் கறுத்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். குடலில் இறங்கிய ரத்தமும் புரதம்தான், அமோனியா அதிலிருந்தும் ஏறும். இந்த நிலையில், பாவம் ராத்திரி தூக்கமில்லையே என்று வீட்டார் மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடுவது உண்டு. மயக்கம் ஆழமாகிவிடும். மாத்திரையைத் தேடாமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடைசியாக எப்போது மலம் கழித்தார் என்பதையும் அங்கே சொல்ல வேண்டும்.