வாங்கியதும் ஊசியை வைக்காதீர்கள்

பழைய இசைத்தட்டுகளைச் சுத்தம் செய்து, அதிலிருக்கும் ஒலியைக் கணினியில் பதிந்து தருவது என் தொழில். முன்பெல்லாம் மயிலாப்பூர், தியாகராய நகர் வீட்டுப் பரண்களிலிருந்து கச்சேரித் தட்டுகளும் சினிமாப் பாட்டுத் தட்டுகளும்தான் வரும். இப்போது முப்பதைத் தொடாத இளைஞர்கள் ஏழு அங்குலத் தட்டோடு வருகிறார்கள். டெக்சாஸிலோ ஓஹாயோவிலோ ஏதோ ஒரு சிற்றூர்ப் பையன்கள் அறுபதுகளில் சொந்தக் காசில் வெளியிட்ட ராக் பாட்டு. "நேற்றுதான் பார்சல் வந்தது சார், நாலைந்து முறை கேட்டேன். கொஞ்சம் இரைச்சலாக இருக்கிறது, எடுத்துவிட முடியுமா?" என்பார்கள். அந்த நாலைந்து முறையைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு.

இந்தத் தட்டுகள் பிறந்த விதம் அப்படி. பள்ளி மாணவர்களின் குழு ஒன்று உள்ளூர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் பணம் கட்டும். சின்சினாட்டியின் ரைட் போன்ற நிறுவனங்கள் காசு கொடுத்தவர்களுக்கெல்லாம் சில நூறு பிரதிகள் அச்சடித்துத் தந்தன. உள்ளூர் நடன விழாவில் கொஞ்சம் விற்கும், உள்ளூர் வானொலிக்கு ஒன்று போகும், அத்தோடு முடிந்தது. போர்ட்லாண்டின் கிங்ஸ்மென் குழு 1963இல் ஜெர்டன் என்ற சிறு லேபிளில் (இசைத்தட்டு நிறுவனத்தில்) வெளியிட்ட 'லூயி லூயி' பாட்டு நாடு முழுக்கப் பரவியது அபூர்வமான விதிவிலக்கு. மற்றவர்களின் மூல நாடாக்கள் பெரும்பாலும் அழிக்கப்பட்டு மறுபடி பயன்பட்டன, அல்லது குப்பைக்குப் போயின. பின்னாளில் வந்த தொகுப்பு எல்பிகளில் பலவும் தட்டிலிருந்தே எடுக்கப்பட்டவை. ஆகவே உங்கள் கையில் இருப்பதைப் பிரதி என்று நினைக்காதீர்கள். பல நேரங்களில் மூலம் என்று மிஞ்சியிருப்பதே அதுதான்.

அதைத் தாத்தாவின் எச்எம்வி ஃபியஸ்டா ரெக்கார்டு பிளேயரில் வைத்து ஓட்டுகிறார்கள். அந்தப் பெட்டியின் மீது எனக்கும் பாசம் உண்டு. ஆனால் அதன் செராமிக் கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக்கும் பாகம், தட்டின் மீது நல்ல பாரத்தை இறக்கும். இன்றைய காந்தக் கார்ட்ரிட்ஜுக்கு இரண்டு கிராம் சொச்சம் போதும், அதற்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு வேண்டும். பாரத்தைவிட மோசம் ஊசி. நீலக்கல் முனை சில பத்து மணி நேரத்தில் தேய்ந்து பட்டையாகிவிடும். பட்டையான முனை, ஒலி பதிந்திருக்கும் வரியில் ஓடுவதில்லை, வரியைச் செதுக்குகிறது. அப்படிப் போன உச்ச ஒலிகளை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. சில பழைய கார்ட்ரிட்ஜ்களில் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டுக்கு ஒரு பக்கமும் 45, 33 சுற்றுக்கு மறுபக்கமும் ஊசி இருக்கும். எது எந்தப் பக்கம் என்று பார்க்காமல் வைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கை நடுங்கும்.

அமெரிக்க 45 சுற்றுத் தட்டுகளில் இன்னொரு பொறி உண்டு. எல்லாமே வினைல் அல்ல. கணிசமானவை பாலிஸ்டைரீன் (சுருக்கமாக ஸ்டைரீன்) என்ற கடினமான பிளாஸ்டிக்கை அச்சில் பீய்ச்சி வார்த்தவை. நகத்தால் விளிம்பில் தட்டிப் பாருங்கள்: வினைல் மந்தமாக ஒலிக்கும், ஸ்டைரீன் 'டக்' என்று கூர்மையாக ஒலிக்கும். ஸ்டைரீன் தட்டில் நடுவிலுள்ள காகித லேபிளைப் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள், தண்ணீரில் ஊறப்போட்டால் கையோடு வந்துவிடும். தேய்ந்த ஊசி இதில் ஒரே ஓட்டத்தில் கரகரப்பை உண்டாக்கிவிடும். படத்தில் பளபளவென்று இருந்ததை நம்பி வாங்கி ஏமாந்தவர்கள் கொண்டு வருவது பெரும்பாலும் ஸ்டைரீன்தான். அதன் தேய்மானம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

சுத்தம் செய்வதில் நடக்கும் கொடுமைகள் தனி. நம் ஊர் போர் தண்ணீரில் கழுவி மின்விசிறியில் உலர்த்தினால் உப்பு வரிக்குள்ளேயே படிந்துவிடும், பிறகு ஊசி அதன் மேல் உழும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும், அதில் ஒரு துளி வாசனையில்லாத பாத்திர சோப்புத் திரவமும், மென்மையான தூரிகையும் போதும். கடைசி அலசல் வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இருக்க வேண்டும். ஸ்பிரிட்டைத் தொடவே வேண்டாம் என்பேன். ராக் என்றாலே வினைல் என்று நினைத்துவிடக் கூடாது. அறுபதுகளின் நடுவில்கூட பீட்டில்ஸ் பாட்டுகள் இந்தியாவில் 78 சுற்று அரக்குத் தட்டுகளாக வந்தன, கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சானவை. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும்.

கடற்கரை ஊர் என்பதால் ஈரமும் பூஞ்சையும் இங்கே நிரந்தர விருந்தாளிகள். மூடிய மர அலமாரியைவிடக் காற்றோடும் திறந்த அடுக்கு மேல். தட்டுகள் செங்குத்தாக நிற்கட்டும். பளபளக்கும் பிவிசி உறையை உடனே தூக்கிப் போடுங்கள். நம் வெயிலில் அதிலிருந்து கசியும் பொருள் தட்டின் மீது பால்போன்ற படலமாக உட்காரும், அந்தப் படலம் போகவே போகாது. பாலித்தீன் உறைக்கு இந்தக் குணம் இல்லை. கத்திரி வெயிலில் பூட்டிய காருக்குள் தட்டை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சேறு பூசிய தட்டுகள் கட்டுக்கட்டாக வந்தன. சேறு காய்வதற்குள் நல்ல தண்ணீரில் அலசியவை பிழைத்தன, மொட்டை மாடி வெயிலில் காய வைத்தவை வளைந்தன. உறை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிப்பதற்கு முன் இரு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். சிறு லேபிள் தட்டுக்கு அந்த உறையில் இருப்பதைத் தவிர வேறு வரலாறே இல்லாமல் போகலாம்.

போலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன் வழவழப்பான வளையம் இருக்கிறதல்லவா, அங்கே கையால் கீறியோ அச்சால் குத்தியோ எண்கள் இருக்கும். லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் ஆலைத் தட்டுகளில் ஒரு சிறு முக்கோணமும் எண்ணும் காணப்படும். தட்டு எப்போது அச்சானது என்பதை அதை வைத்தே ஏறக்குறையச் சொல்லிவிடலாம். விற்பவரிடம் லேபிள் படத்தைக் கேட்காதீர்கள், இந்த வளையத்தின் படத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள். லேபிளை ஸ்கேன் செய்து மறுபடி அச்சடித்தால் எழுத்து ஓரங்கள் புள்ளி புள்ளியாக உடையும், பூதக்கண்ணாடியில் தெரிந்துவிடும்.

வந்த தட்டைச் சுத்தம் செய்து, நல்ல ஊசியில் ஓட்டும் முதல் முறையே பதிவு செய்துவிடுங்கள். பதிவின் தரம் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் இருக்கட்டும். ஒற்றை ஒலித்தடம் கொண்ட மோனோ தட்டையும் ஸ்டீரியோவாகவே பதியுங்கள். வரியின் இரண்டு சுவர்களிலும் ஒரே ஒலிதான் இருக்கிறது. ஒரு சுவர் கெட்டிருந்தால் மற்றதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இரைச்சல் நீக்கும் வேலையெல்லாம் நகலில்தான், முதல் பதிவை அப்படியே விட்டுவையுங்கள்.

அந்தப் பதிவை இணையத்தில் ஏற்ற ஆசை வரும். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. பாட்டை எழுதியவரின் உரிமை தனி, அவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் நீளும். அமெரிக்காவில் 1957 முதல் 1972 பிப்ரவரி நடுப்பகுதி வரை வந்த பதிவுகளுக்கு 2067 பிப்ரவரி 15 வரை பாதுகாப்பு இருக்கிறது. லேபிளில் அடைப்புக்குறிக்குள் எழுதியவரின் பெயர் இருக்கும். அந்தப் பெயரைத் தேடி ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள். எழுபது வயதைத் தாண்டிய அந்தப் பையன்களிடம் பல நேரம் சொந்தத் தட்டின் ஒரு பிரதிகூட இருப்பதில்லை.